காய்ச்சல் வருவதற்கு முந்திய அந்த ஒன்றரை நாள்

கேள்வி: ஹற்றனை அண்டிய தோட்டமொன்றில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல், உறவினர் வீட்டுச் சடங்கு விருந்தில் நாங்கள் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து சோறும் கோழிக் கறியும் சாப்பிட்டோம். நான்கு மணிக்குள்ளேயே விருந்தினர் சிலர் வாந்தி எடுத்தார்கள். மாமியாருக்குத் திங்கள் விடியற்காலை வயிற்றோட்டம் தொடங்கி, ஆதார வைத்தியசாலையில் தங்க வேண்டியதாயிற்று. மலப் பரிசோதனையில் சல்மொனெல்லா கிருமி என்றார்கள். அவர் நெஞ்செரிவுக்காக நெடுநாளாக ஓமெப்ரசோல் குளிசை எடுப்பவர். என் கணவருக்குத் திங்கள் இரவுதான் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தன. எனக்கோ இலேசான வயிற்று வலியோடு போய்விட்டது. அப்படியானால் எனக்கு நோய் எதிர்ப்புச் சக்தி அதிகமா? சாப்பிட்ட நேரத்துக்கும் காய்ச்சல் வந்த நேரத்துக்கும் இடையில் உடம்புக்குள் என்ன நடந்தது? வயிற்றோட்டத்தை நிறுத்தக் கணவருக்குக் குளிசை வாங்கிக் கொடுத்தேன், அது சரியா? எதிர்ப்புச் சக்தி கூடுவதற்கு டொனிக் ஏதும் குடிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கேள்விகளில் இரண்டாவதற்கே முதலில் விடை சொல்கிறேன். அந்த ஒன்றரை நாளில் குடலுக்குள் நடந்தது விளங்கிவிட்டால், மற்ற மூன்றுக்கும் உரிய விடை பெரும்பாலும் அதிலிருந்தே வந்துவிடும்.

ஞாயிறு மாலையே வாந்தி எடுத்தவர்களை இந்தக் கணக்கிலிருந்து முதலில் பிரித்து வைக்க வேண்டும். சல்மொனெல்லா நோய் சாப்பிட்டு 6 மணி நேரத்துக்குப் பின்னரே, பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள், வெளிப்படுவது. நண்பகல் சாப்பிட்டு நான்கு மணிக்குள் வாந்தி எடுத்தவர்களைப் பாதித்தது அநேகமாக வேறொன்றாக இருக்கும். சமைத்த உணவு நெடுநேரம் இளஞ்சூட்டில் கிடக்கும்போது ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ், பசிலஸ் சீரியஸ் போன்ற பற்றீரியாக்கள் அதில் பெருகி நச்சுப் பொருளைச் சுரந்துவிடுகின்றன. நஞ்சு உணவிலேயே ஆயத்தமாக இருப்பதால் சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். உணவைத் திரும்பவும் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஒரே விருந்தில் இருவகைக் கேடும் சேர்ந்து நேர்வது புதுமையல்ல. இனி நான் சொல்வதெல்லாம் உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் வந்த நோயைப் பற்றியது.

விழுங்கப்பட்ட சல்மொனெல்லா முதலில் சந்திப்பது இரைப்பையின் அமிலத்தை. வெறும் வயிற்றில் அந்த அமிலம் மிகக் கடுமையானது. உள்ளே போகும் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிந்துவிடுகின்றன. கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவுக்குள் பொதிந்து போனவையும், அமிலம் குறைந்த வயிற்றுக்குள் போனவையும் தப்பிக் குடலுக்குள் இறங்குகின்றன. ஓமெப்ரசோல் அமிலச் சுரப்பைக் குறைப்பதற்காகவே கொடுக்கப்படும் மருந்து. அதை எடுப்பவர்களுக்கு சல்மொனெல்லா, கம்பிலோபக்டர் ஆகிய கிருமிகளால் வரும் குடல் நோய் கூடுதலாக ஏற்படுவது பல ஆய்வுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. உங்கள் மாமியார் உங்களைவிட முன்னதாகவும் கடுமையாகவும் நோயுற்றதற்கு வயது ஒரு காரணமென்றால், அந்தக் குளிசை இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம்.

குடலுக்குள் இறங்கிய கிருமிக்கும் நம் இரத்தத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு கல அடுக்குத்தான். மேலணி எனப்படும் அந்த அடுக்கு மூன்று முதல் ஐந்து நாட்களுக்கொருமுறை முற்றாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதன்மேல் வழுவழுப்பான சளிப்படலம் பரந்திருக்கிறது. சிறுகுடலின் மடிப்புகளின் அடியில் உள்ள பனெத் கலங்கள் கிருமிகளைத் துளைத்துக் கொல்லும் சிறு புரதங்களை அந்தச் சளிக்குள் சுரந்தபடி இருக்கின்றன. இவை நோய் வந்த பிறகு தொடங்கும் ஏற்பாடுகள் அல்ல; நீங்கள் பந்தியில் அமர்வதற்கு முன்பும் நடந்துகொண்டிருந்தவை.

சல்மொனெல்லா இந்தப் படலத்தைத் தன் வால் போன்ற கசையிழைகளால் நீந்திக் கடக்கிறது. சிறுகுடலின் கடைப் பகுதியில் பேயர் திட்டுகள் (Peyer's patches) எனப்படும் திரள்கள் உள்ளன; அவை வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான நிணநீர்க் கலங்களால் ஆனவை. சுவிற்சர்லாந்து வைத்தியரான யொஹான் கொன்ராட் பேயர் 1677 இல் விவரித்ததால் அவருடைய பெயரையே தாங்கியவை. அவற்றின் மேற்புறத்தில் உள்ள எம் கலங்கள் குடலில் இருப்பவற்றைச் சிறிதளவு உள்ளே எடுத்து, நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களுக்குக் காட்டுவதற்கென்றே அமைந்தவை. சல்மொனெல்லா அந்த வழியையே உட்புகும் வாசலாக்கிக் கொள்கிறது. அத்துடன், ஊசி வடிவிலான ஒரு நுண்ணிய உறுப்பால் தன் புரதங்களைச் சாதாரண மேலணிக் கலங்களுக்குள் செலுத்தி, அவை தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளுமாறு செய்துவிடுகிறது.

அங்கேதான் அது தன்னைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது. அதன் கசையிழைப் புரதமும் ஊசி உறுப்பின் துண்டுகளும் கலத்துக்குள் சிந்தியவுடன், அவற்றை அடையாளங்காணும் உணர் புரதங்கள் ஒன்றுதிரள்கின்றன. தொற்றுண்ட மேலணிக் கலம் இன்டர்லூக்கின்-18 போன்ற எச்சரிக்கைப் பொருட்களை வெளியிட்டுவிட்டு, தன்னுள் இருக்கும் கிருமியோடு சேர்ந்தே குடலின் உட்குழிக்குள் உதிர்ந்து விழுகிறது. பக்கத்துக் கலங்கள் நெருங்கி வந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. தொற்றின் முதல் நாளுக்குள்ளேயே, வெண்குருதிக் கலங்களில் இன்னொரு வகையான நியூத்திரோபில்கள் பெருமளவில் வந்து சேர்வதற்கு முன்னரே, இந்த உதிர்வு சுவரிலுள்ள கிருமிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்துவிடுவது எலிகளில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. குடலின் எல்லாத் தற்காப்புகளிலும் மிகவும் குறைவாகப் பேசப்படுவது இதுவே என்பது என் எண்ணம். நிர்ப்பீடனம் என்றதும் வெண்குருதிக் கலங்களையே நினைக்கிறோம். முதல் அடியை வாங்குவதும் கொடுப்பதும் சாதாரண மேலணிக் கலம்.

இனி நிர்ப்பீடனக் கலங்களுக்கு வருவோம். சிறுகுடலின் மேலணியில் ஐந்து முதல் பத்துக் கலங்களுக்கு ஒன்று என்ற அளவில் நிணநீர்க் கலங்கள் இடையிடையே செருகியிருக்கின்றன. அவற்றுள் காமா டெல்டா டி கலங்கள் என்றொரு வகை உண்டு. எலிகளில் இவை பெரும் பகுதியாகவும் மனிதரில் அதைவிடக் குறைவாகவும் காணப்படுகின்றன. இவை ஓரிடத்தில் நிற்பவை அல்ல. கொழுந்து நிரைகளுக்கிடையே கங்காணி நடந்து பார்ப்பதைப் போல, மேலணிக் கலங்களின் அடிப்பக்கத்தை ஒட்டி ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. நியூயோர்க்கின் ரொக்கஃபெலர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கலங்களை ஒளிரச் செய்து, உயிருள்ள எலியின் குடலில் அவற்றின் நடமாட்டத்தை நுணுக்குக்காட்டி வழியே பார்த்து 2017 இல் வெளியிட்டார்கள். சல்மொனெல்லா குடலுக்குள் போன சில மணி நேரத்துக்குள் அந்த நடமாட்டமே மாறிவிடுகிறது. அடிப்பக்கத்தில் ஊர்ந்து திரிந்தவை மேலணிக் கலங்களின் இடுக்குகளுக்குள் மேலும் கீழும் நுழைந்து போகத் தொடங்குகின்றன. சக்தியைப் பெறும் முறையைக்கூட மாற்றி, குளுக்கோசை விரைவாக உடைத்துப் பயன்படுத்துகின்றன. இதில் என்னைக் கவர்ந்த செய்தி என்னவென்றால், கிருமியைக் கண்டு அறிவிப்பது அந்த டி கலம் அல்ல, மேலணிக் கலமே. மேலணிக் கலத்தின் உணர்திறனை நீக்கிவிட்டால் டி கலங்கள் பழைய நடமாட்டத்திலேயே இருந்துவிடுகின்றன, கிருமிகளும் அதிகமாக உள்ளே புகுந்துவிடுகின்றன.

மேலணிக்குக் கீழே உள்ள படையில் பெருந்தின்கலங்களும் டென்ட்ரைட்டிக் கலங்களும் இருக்கின்றன. உள்ளே நுழைந்த கிருமியை விழுங்கும் இவை, இன்டர்லூக்கின்-23, இன்டர்லூக்கின்-1 பீட்டா ஆகிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றைப் பெறும் மூன்றாம் வகை உள்ளார்ந்த நிணநீர்க் கலங்கள் இன்டர்லூக்கின்-22 ஐச் சுரக்கின்றன. இக்கலங்கள் ஒரு கிருமியை முன்பே சந்தித்திருக்க வேண்டியதில்லை. பயிற்சியின்றியே சில மணி நேரத்தில் செயற்படுபவை. இன்டர்லூக்கின்-22 மீண்டும் மேலணிக் கலங்களிடம் வந்து, கிருமிகொல்லிப் புரதங்களையும் சளியையும் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. கிருமிகள் இரும்புச் சத்தைக் கவர்வதற்காக வெளியிடும் பொருட்களைப் பிடித்துவைக்கும் லிப்போகலின்-2 என்ற புரதமும் அப்போது சுரக்கப்படுகிறது. எலிகளின் குடலைத் தாக்கும் சிட்ரோபக்டர் ரொடென்டியம் என்ற கிருமியை இன்டர்லூக்கின்-22 இல்லாத எலிகளுக்குப் புகட்டியபோது அவை பிழைக்கவில்லை என்பது 2008 இல் தெரியவந்தது.

மனிதரில் மெயிட் கலங்கள் என்ற இன்னொரு வகையும் இந்த முதல் வரிசையில் சேரும். பற்றீரியாக்கள் விற்றமின் பி2 ஐத் தயாரிக்கும்போது உண்டாகும் இடைப்பொருட்களை இவை அடையாளங்காண்பதாக 2012 இல் கண்டறிந்தார்கள். மனித உடல் அந்த விற்றமினைத் தானே செய்வதில்லை. ஆகவே அந்த இடைப்பொருள் தென்பட்டால் அருகே பற்றீரியா இருக்கிறது என்று பொருள். சல்மொனெல்லா இதில் அகப்பட்டுவிடும். கர்ப்பிணிகளுக்குப் பெருங்கேடு விளைவிக்கும் லிஸ்டீரியா அந்த விற்றமினைத் தயாரிப்பதே இல்லை என்பதால் இவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இந்த எச்சரிக்கைகளெல்லாம் சேர்ந்து இரத்தக் குழாய்களிலிருந்து நியூத்திரோபில்களைப் பெருந்தொகையாக வரவழைக்கின்றன. அவை மேலணியை ஊடறுத்துக் குடலின் உட்குழிக்குள்ளேயே இறங்குகின்றன. கல இணைப்புகள் தளர்கின்றன. நீரும் உப்பும் குடலுக்குள் கசிகின்றன. சமிக்ஞைப் புரதங்கள் மூளைக்கு எட்டி உடல் வெப்பத்தை உயர்த்துகின்றன. உங்கள் கணவருக்குத் திங்கள் இரவு காய்ச்சலும் வயிற்றோட்டமும் வந்தபோது அவர் “இப்போதுதான் கிருமி பிடித்தது” என்று நினைத்திருக்கலாம். உண்மையில் அதற்கு முன்னரே ஒரு நாளுக்கு மேலாகக் குடல் அந்தக் கிருமியோடு பொருதிக்கொண்டிருந்தது. அவர் உணர்ந்த துன்பத்தில் ஒரு பங்கு கிருமியின் வேலை. இன்னொரு பங்கு அவருடைய உடலின் சொந்த வேலை.

இந்தத் தற்காப்பு எப்போதும் நமக்கே நன்மையாக முடிவதுமில்லை. சல்மொனெல்லா குடலழற்சியை எதிர்பார்த்து வரும் கிருமி. நியூத்திரோபில்கள் வெளியிடும் ஒட்சியேற்றப் பொருட்களால் குடலிலுள்ள கந்தகச் சேர்வை டெட்ராதயோனேற்றாக மாறுகிறது. அதைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தும் ஆற்றல் சல்மொனெல்லாவுக்கு உண்டு, குடலில் வாழும் நல்ல பற்றீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 2010 இல் இது வெளியானபோது, அழற்சி கிருமியை ஒழிக்கவே வருகிறது என்ற எளிய எண்ணம் ஆட்டங்கண்டது. மேலே சொன்ன லிப்போகலின்-2 இன் பிடிக்கு அகப்படாத இரும்புக் கவர்ப் பொருளையும் சல்மொனெல்லா வைத்திருக்கிறது. ஆகவே குடலுக்குத் தேவை கடுமையான எதிர்ப்பு அல்ல, அளவான எதிர்ப்பு.

உங்கள் முதற் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். நோய் எதிர்ப்புச் சக்தி என்பது ஒருவரிடம் கூடவும் இன்னொருவரிடம் குறையவும் இருக்கும் ஒற்றைப் பொருள் அல்ல. உங்களுக்கு அறிகுறி குறைவாக இருந்ததற்கு, உங்கள் தட்டில் விழுந்த துண்டில் கிருமி குறைவாக இருந்திருக்கலாம். இரைப்பை அமிலம் நன்றாக இருந்திருக்கலாம். குடலின் நல்ல பற்றீரியாக்கள் இடம் கொடுக்காமல் இருந்திருக்கலாம். இந்தக் கடைசிக் காரணத்தைச் சிறியதென்று எண்ண வேண்டாம். 1954 இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், சாதாரண எலிக்குத் தொற்றை உண்டாக்க ஏறக்குறைய 1,00,000 சல்மொனெல்லாக்கள் தேவைப்பட்டன. முன்கூட்டியே ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்து குடல் பற்றீரியாக்களைக் குலைத்த எலிக்குப் பத்துக்கும் குறைவானவையே போதுமாயின. எலியின் செய்திகளை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் தேவையில்லாத அன்டிபயோட்டிக் குடலுக்குச் செய்யும் கேடு மனிதரிலும் தெரிந்ததே.

அறிகுறி இல்லாமையை வலிமையின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இன்னுமொரு காரணம், சல்மொனெல்லாவிலேயே இன்னொரு வகையான டைபொயிட் கிருமி. அது வீஐ எனப்படும் ஒரு போர்வையால் தன் மேற்பரப்பை மூடிக்கொள்வதால் குடலில் பெரிய எச்சரிக்கை எதுவும் எழுவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் சத்தமின்றிப் பெருகியபின் நீங்காத காய்ச்சலாக வெளிப்படுகிறது. உங்கள் கணவரின் குடல் திங்கள் இரவே கலங்கியது அந்த வகையில் நல்லதே.

டொனிக்கைப் பற்றி: மேலே விவரித்த கலங்களில் எதையும் விரைவுபடுத்துவதாக நிறுவப்பட்ட டொனிக் எதுவும் இல்லை. அந்தப் பணத்தில் முட்டையும் பருப்பும் கீரையும் வாங்குங்கள்.

குளிசையைப் பற்றி: வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைட் வகைக் குளிசை குடலின் அசைவைக் குறைக்கிறது, கிருமியையும் உதிர்ந்த கலங்களையும் வெளியேற்றும் வழி அதனால் மந்தமாகிறது. காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ உள்ளபோது அதை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சிறுவர்களுக்கு அறவே வேண்டாம். அன்டிபயோட்டிக்கும் அப்படித்தான்: ஆரோக்கியமான ஒருவரின் சாதாரண சல்மொனெல்லா வயிற்றோட்டம் அதனால் விரைவில் குணமாவதில்லை, கிருமி மலத்தில் வெளியேறும் காலம் நீளவும் கூடும். கைக்குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், இரத்தத்துக்குள் கிருமி பரவியவர்கள் ஆகியோருக்கு மட்டும் வைத்தியர் தீர்மானித்துக் கொடுப்பார். உங்கள் கணவர் குணமடைந்துவிட்டதால் நடந்ததை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். அடுத்த முறை தவிருங்கள்.

கொடுக்க வேண்டியது ஜீவனி என்ற, நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். எஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். பைக்கற் கிடைக்காத இரவில், ஒரு லீற்றர் நீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக் கரைக்கலாம். நம் லயன் வீடுகளில் வயிற்றோட்டம் என்றதும் கடும் சாயத்தில் தேசிக்காய் பிழிந்து வெறும் தேநீர் கொடுப்பது வழக்கம். அதில் உப்பு இல்லை என்பதால் இழந்ததை அது ஈடுசெய்யாது. சிறுவர்களுக்கு ஜீவனியுடன் துத்தநாகக் குளிசையும் தேவைப்படும். அதன் அளவை வைத்தியர் சொல்வார். வாய் வறண்டு சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகப் போனாலோ, காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நின்றாலோ தோட்ட மருந்தகத்தோடு நின்றுவிடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நீங்கள் முன்பள்ளி ஆசிரியை என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அறிகுறி இல்லாதவரின் மலத்திலும் சில வாரங்கள் வரை சல்மொனெல்லா வெளியேறக்கூடும். வயிற்றோட்டம் இருந்தவர் அது நின்று 48 மணி நேரம் கழியும்வரை பிள்ளைகளுக்கு உணவு பரிமாறாமல் இருப்பது நல்லது. உங்களைப் போல இலேசான வலியோடு தப்பியவரும் மலசலகூடம் சென்றபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதில் இம்மியும் தளரக் கூடாது. இலங்கையில் உணவு நஞ்சாதல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. இத்தகைய விருந்துக்குப் பின் பலர் நோயுற்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவித்துவிடுங்கள். விருந்து கொடுத்த வீட்டாருக்கு அது அவமானம் என்று மறைப்பதால் அடுத்த சடங்கிலும் இதுவே நடக்கும்.

மலையகத்துக் குளிரில் சாப்பாடு கெடாது என்ற நம்பிக்கையும் இந்த நோய்க்கு உதவி செய்கிறது. முற்றத்தில் எவ்வளவு குளிரடித்தாலும், நிறையக் கறி உள்ள கிடாரத்தின் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். பற்றீரியாக்கள் விரும்புவது அந்தச் சூட்டைத்தான். கறியை அகலமான சிறு பாத்திரங்களுக்கு மாற்றினால் விரைவில் ஆறும். நுவரெலியா போன்ற உயரமான இடத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. சல்மொனெல்லாவைக் கொல்ல அதுவே தாராளம், ஆனால் எலும்பை ஒட்டிய இறைச்சி வேகும்வரை கூடுதல் நேரம் அடுப்பில் இருக்க வேண்டும். பச்சைக் கோழியை வெட்டிய பலகையிலேயே சம்பலுக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கினால், நன்றாக வெந்த கறியாலும் பயனில்லை.

உங்கள் மாமியார் தாமாக ஓமெப்ரசோலை நிறுத்திவிட வேண்டாம். அடுத்த கிளினிக் நாளில் இந்த நோய் வந்ததைச் சொல்லி, அந்தக் குளிசை இன்னும் அவருக்குத் தேவைதானா, அளவைக் குறைக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த துண்டையும் கையோடு கொண்டு போகட்டும்.